கால் முன்னுக்குப் போற சைக்கிள்

1

ஜூட், உனக்கு ஒரு விசயம் சொல்லணும். நீ கேட்ட சைக்கிள் உண்மையாவே இருக்குது. நான் கண்டுட்டன். ஓடவும் பழகிட்டன்.

பஸ் எல்லாம் ஸ்ட்ரைக் பண்ணின அண்டைக்கு என்னை சைக்கிள் பார்ல இருத்தி, கொட்டாஞ்சேனையில இருந்து வெள்ளவத்தை மட்டும் மிதிச்சுக்கொண்டு போனாயே, அண்டைக்குக் கேட்டது. அப்ப உனக்கு மீசை கூட ஒழுங்கா முளைக்கல்ல. நான் தையல் கடையில நின்ட காலம். கடை வாசல்ல இறங்கினா எனக்கு கால் ரெண்டும் விறைச்சுப் போய் நிக்க ஏலாது. நீயும் இறங்கி பின்பக்கத்தத் தேச்சுக்கொண்டு, இந்த சீட்டச் செஞ்சவனுக்கு குண்டியே இல்லையா அக்கா என்டு கேட்டாய். கடைக்காரம்மா உள்ளுக்கு இருந்து கேட்டுட்டா. எனக்கு வெக்கம். நீ விடல்ல. சைக்கிள்ல ஏன் ஒரு சாய்மனைக் கதிரை வைக்க ஏலாது, சாஞ்சுகொண்டு காலை நீட்டி மிதிச்சா என்ன குறையும் என்டு கேட்டாய். உனக்கு விசர் என்டு சொல்லிட்டு நான் உள்ளுக்குப் போயிட்டன்.

இங்க அப்பிடித் தான் ஒண்டு வச்சிருக்கிறாங்க ஜூட். கதிரையே தான். முதுகு சாயலாம், தலைக்கும் சின்னத் தலகாணி மாதிரி ஒண்டு இருக்குது.

இதை வாசிக்கிறவங்களுக்கு நான் யார் என்டு சொல்லணும். என்ட பேர் ஷெரின். ஜூட் என்ட தம்பி. புறக்கோட்டையில லைட் சாமான் விக்கிற கடையில வேலை செஞ்சவன். போன வருஷம் மழையோட வந்த டெங்குல செத்துப் போனான். இருபத்தி நாலு வயசு. நான் கல்யாணம் முடிச்சு நெதர்லாந்துக்கு வந்து எட்டு வருஷம் ஆகுது. பள்ளிக்கூடத்த ஓ லெவலுக்கு முந்தியே விட்ட ஆள், அதால கதைக்கிற மாதிரியே தான் எழுத வரும். இது எங்கட கொழும்புக் கொட்டாஞ்சேனை ஆக்கள் வாசிக்கிற இடம் தானே, பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்க. தம்பிட வருஷப் பூசை எங்கட சேர்ச்சுல இப்ப தான் முடிஞ்சுது. அந்தப் பூசைக்கு முன்னால எனக்கும் அம்மாவுக்கும் நடந்ததத் தான் எழுதுறன்.

2

இந்த நாட்டுல சைக்கிள் இல்லாட்டி கால் இல்லாத மாதிரி. மந்திரியும் சைக்கிள்ல போறார், எங்கட தெருவுல குப்பை எடுக்கிறவரும் சைக்கிள்ல தான் வேலைக்குப் போறார். காலையில நான் வயசு போனவங்க இருக்கிற இல்லம் ஒண்டுல கிளீனிங். மத்தியானத்துக்குப் பிறகு டவுனுக்கு அங்கால ஒரு பள்ளிக்கூடத்துல கிளீனிங். நடுவுல கால்வாய் ஓரமா நல்ல தூரம் மிதிக்கணும். மழை, காத்து, ஐஸ் எல்லாத்துக்கும் அதே சைக்கிள்.

அவர், என்ட மனுசன் ரூபன், எனக்கு வாங்கித் தந்த சைக்கிள் இந்த நாட்டுப் பொம்பிளைகள்ட அளவு. அவங்க எல்லாம் பனை உசரம். நான் சீட்டில இருந்தா உடம்பு முன்னுக்குச் சரிஞ்சு பாரம் முழுக்கக் கையில வந்து விழும். முதல்ல சின்ன விரல் விறைச்சுது. பிறகு பக்கத்து விரல். பிறகு கை முழுக்க எறும்பு ஊருற மாதிரி. மொப் புடிச்சா புடிச்ச மாதிரி இல்ல. ஒரு நாள் இல்லத்துல தண்ணி வாளி கையால நழுவி, ஒரு வயசான ஐயாட செருப்பு எல்லாம் மிதந்து போச்சு. அவர் சிரிச்சார். என்ட சுப்பவைசர் சிரிக்கல்ல. கை சரியாகாட்டி இந்த வேலை உனக்கு சரிவராது என்டு சொல்லிட்டா.

பிசியோ பாக்கப் போனன். எப்ப இருந்து நோகுது என்டு அந்தப் பிள்ளை கேட்டா. தம்பி போன நேரம் இருந்து என்டு டச்சுல சொன்னன். செத்துப் போறதுக்கு உள்ள சொல்லு அந்த நேரத்துக்கு வாயில வரல்ல, போறதுக்கு உள்ள சொல்லு தான் வந்துது. அவ சந்தோசமா, எங்க போயிருக்கிறார் என்டு கேட்டா. நான் கொழும்பு என்டுட்டன். வெய்யில் நாடு, நல்லா இருக்கும் என்டு சொல்லிக்கொண்டு என்ட விரல இழுத்தா. திருத்திச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல.

நானும் போக இருந்தது தான் கொழும்புக்கு. வியாழக்கிழமை காய்ச்சல் கூடிட்டு என்டாங்க, சனிக்கிழமை ஆள் இல்ல. இங்க இருக்கிறதுக்கு உள்ள என்ட பழைய விசா கார்ட் முடிஞ்சு புதுக் கார்ட் அடிச்சு வராத நேரம். ஆபீசுக்கு ஓடினன். கவுண்டர்ல இருந்த அம்மா நல்லவ, தண்ணி கூடத் தந்தா, ஆனா அது இல்லாம வெளிய போனா திரும்பி வர ஏலாம நிக்க வரும், சின்னப் பிள்ளை வேற இருக்குது, யோசிச்சுக்கொள்ளுங்க என்டா. யோசிச்சு யோசிச்சு நான் நின்டுட்டன். தம்பிய அனுப்பினத போன்ல தான் பாத்தன்.

கைக்கு என்ன வழி என்டு அந்தப் பிசியோப் பிள்ளையே தான் சொன்னா. இங்க லிக்பீட்ஸ் என்டு ஒண்டு இருக்குது, படுத்துக்கொண்டு ஓடுற சைக்கிள், கையில பாரமே விழாது, பின்பக்கமும் நோகாது, ஒருக்கா ஓடிப் பாருங்க என்டா. போன்ல படம் காட்டினா. படத்தப் பாத்த உடன எனக்கு ஜூட்ட குரல் கேட்டுது. சாய்மனைக் கதிரை.

3

பழசு ஒண்டு யான்னெக என்டு ஒரு டீச்சர் விக்கப் போட்டிருந்தா. அவட வீட்டு கராஜ்ல அது கிடந்தது. முன்னுக்குச் சின்னச் சில்லு, பின்னுக்குப் பெரிய சில்லு, நடுவுல வலைத் துணி போட்ட கதிரை. பெடல் எங்க என்டு தேடினன். எல்லாத்துக்கும் முன்னால, முன் சில்லையும் தாண்டி ஒரு குழாய்ட நுனியில இருக்குது. செயின் சைக்கிள்ட முழு நீளத்துக்கும் ஓடுது. பின்னுக்கு ஒரு கம்புல செம்மஞ்சள் கொடி, லொறிக்காரனுக்குத் தெரியிறதுக்கு. தேர் மாதிரி இருந்துது எனக்கு.

என்ட கால் எட்டல்ல. யான்னெக சிரிக்காம அந்த முன் குழாய உள்ளுக்குத் தள்ளினா. குழாய் உள்ளுக்குப் போனா செயின் தொங்கும் தானே, அதுல கொஞ்சக் கண்ணியக் கழட்டி எடுத்துட்டு திரும்பப் பூட்டித் தந்தா. அவட கை முழுக்க கறுப்பு எண்ணெய். டீச்சர் ஒருத்தி இப்பிடிச் செய்றத நான் பாத்ததே இல்ல. இதை ஏன் விக்கிறீங்க என்டு கேட்டன். மாடி வீட்டுக்குப் போறன், லிப்டுக்குள்ள இது போகாது என்டா.

இனி ஓடுற கதை. சாதாரண சைக்கிள் ஓடத் தெரியும் என்ட நினைப்ப முதல்ல விட்டுடணும். ஒரு கால பெடல்ல வச்சு, முதுகக் கதிரையில குடுத்து, தைரியமாத் தள்ளி மற்றக் கால எடுக்கணும். பயந்து தலையத் தூக்கினா விழும். ஹேண்டில இறுக்கினா விழும். யான்னெக சொன்னா, சூடான தேத்தண்ணிக் கோப்பையப் புடிக்கிற மாதிரி மெல்லமாப் புடி என்டு. அண்டைக்கு அந்தத் தெருவுல நான் கொட்டின தேத்தண்ணிக்கு கணக்கில்ல. சின்னப் பிள்ளையள் வந்து வரிசையா இருந்து பாத்துதுகள்.

ஆனா ஓடத் தொடங்கின பிறகு எனக்கு எல்லாமே புதினம். பாலத்துல ஏறுற நேரம் எழும்பி நின்டு மிதிக்க ஏலாது, கியரக் குறைச்சுப் பொறுமையா ஏறணும். தொடையில எனக்கு இருக்குது என்டே தெரியாத இடங்கள் எல்லாம் நொந்துது. எதிர்க்காத்து அடிக்கிற நாள்ல மற்றவங்க குனிஞ்சு திணற, எனக்கு மேலால காத்துப் போயிடும். நாய்கள்ட முகம் என்ட முகத்துக்கு நேரா வரும். சிலது குழம்பிப் போய் குரைக்கவும் மறந்துடும். மரங்கள்ட அடிப்பக்கம் தெரியும். தாரா வாத்து பறக்கிற நேரம் அதுட வயிறு தெரியும். எட்டு வருஷமா இந்தக் கால்வாய் ஓரத்தால போறன், வானத்த இவ்வளவு நேரம் நான் பாத்ததே இல்ல. கை ரெண்டும் சும்மா கிடக்கும். விரல் திரும்பி வந்துட்டு, ஒண்டொண்டா.

எங்கட ஆக்கள் சும்மா விடுவாங்களா. தமிழ்க் கடை அக்கா முதல் நாளே கேட்டா, என்ன ஷெரின், நெதர்லாந்து வந்தும் நித்திரை முறியல்லையா, ரோட்டுல பாய் விரிச்சுக்கொண்டு போறியாம் என்டு. ரூபனுக்கு வெக்கம். சேர்ச்சுக்கு மட்டும் அதக் கொண்டு வராத என்டு சொன்னார். யாழ்ப்பாணத்து ஆள், எல்லாத்துக்கும் ஆக்கள் என்ன நினைப்பினம் என்டு பாப்பார். மகள் அனுஷ்காவுக்கு மட்டும் பெருமை. அவ வகுப்புல வேற யாருக்கும் படுத்துக்கொண்டு ஓடுற அம்மா இல்லையாம்.

4

அந்தப் பெருமையில தான் வினை வந்துது.

அனுஷ்கா தமிழ் விளங்கிக்கொள்ளுவா, கதைக்க மாட்டா. அம்மாவோட போன்ல கதைக்கிறது என்டா அவ டச்சுல சொல்ல, அம்மா கொட்டாஞ்சேனைத் தமிழ்ல சொல்ல, நான் நடுவுல நிக்கணும். அதால அவ படமும் வீடியோவும் அனுப்பித் தான் பழக்கம். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு முன்னால நின்டு நான் ஓடி வாறத வீடியோ எடுத்து, என்னட்ட கேக்காம அம்மாவுக்கு அனுப்பிட்டா.

பிறகு நான் அந்த வீடியோவப் பாத்தன். முன்னால இருந்து எடுத்தது. முதல்ல ரெண்டு பாதம் பெருசா வருது, வெள்ள மேஸ், அதான் சொக்ஸ், போட்ட கால். அதுக்குப் பின்னால தான் நான், மல்லாந்து கிடக்கிறன், முகம் சின்னதா எங்கயோ இருக்குது. வெய்யிலுக்குக் கண்ண மூடின மாதிரியும் இருக்குது.

வாசிக்கிற உங்களுக்கு இப்பவே விளங்கியிருக்கும். எனக்கு விளங்க அம்மாட போன் கோல் வர வேண்டி இருந்துது.

அம்மா ஹலோ சொல்லல்ல. "மகள், காலை முன்னுக்குப் போட்டுக்கொண்டு யார் வீட்டால போறது? சொல்லு. யார் போறது?" என்டு தான் கேட்டா.

எங்கட பக்கம் பிரேதத்த அப்பிடித் தானே எடுக்கிறது. கால் முன்னுக்கு. வெள்ள மேஸ் போட்டு. சின்னதுல கால வாசல் பக்கம் நீட்டிப் படுத்தாலே அம்மா எழுப்பித் திருப்பிப் படுக்க வைப்பா. பெத்த மகன அனுப்பி ஒரு வருஷம் ஆகல்ல, மகள் அதே மாதிரி ரோட்டுல வாறா.

நான் கை நோவச் சொன்னன், பிசியோவச் சொன்னன், ஜூட் கேட்ட கதிரையையும் சொன்னன். அதச் சொன்னது தான் பெரிய பிழையாப் போச்சு. அவன் கேட்டத நீ ஏன் எடுத்தாய், அவன் கூப்பிடுறான், உனக்கு விளங்கல்லையா என்டு அழத் தொடங்கிட்டா. கடைசியா ஒண்டு சொன்னா. அந்தப் பாடைய விட்டு இறங்கின பிறகு எனக்குக் கோல் எடு. அதுவரைக்கும் எடுக்காத. வருஷப் பூசைக்கும் எடுக்காத.

போன் கட் ஆகிட்டு. பிறகு நான் எடுத்தாலும் அவ எடுக்கல்ல.

தம்பிட செத்த வீட்டுக்கும் போகல்ல. முப்பத்தொராம் நாள் பூசைக்கும் போகல்ல. வருஷப் பூசையாவது போன்ல கடைசி மட்டும் கேக்கணும், சாமியார் அவன்ட பேர் சொல்ற நேரம் நானும் சேந்து இருக்கணும் என்டு தான் அந்த வருஷத்தையே தள்ளிக்கொண்டு வந்தனான். அதுவும் இல்லை என்டா எனக்கு என்ன இருக்குது?

5

பழைய சைக்கிளத் திரும்ப எடுத்தன். ஒரு கிழமை ஓடினன். விரல் திரும்பவும் போச்சு. இல்லத்துல கிளாஸ் ஒண்டு உடைஞ்சுது, சுப்பவைசர் ஒண்டும் சொல்லாம என்ட கையப் பாத்துட்டுப் போனா. ரூபன் லேசா வழி சொன்னார். உன்ட அம்மாவுக்கு பழைய சைக்கிளோட ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பிறகு நீ எதுல போனா அவவுக்கென்ன தெரியும் என்டு. அம்மா ஜூட்ட பேர்ல சத்தியம் பண்ணச் சொல்லுவா என்டு எனக்குத் தெரியும். அவன்ட பேர்ல பொய்ச் சத்தியம் என்னால ஏலாது.

அந்தக் கிழமை எனக்கு வேற ஒரு நோய் புடிச்சுது, கேள்வி கேக்கிற நோய். ஏன் கால் முன்னுக்கு? யார் சொன்னது? நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல. இல்லத்துல ஆக்கள் சாகிறது வழக்கம் தானே, கூட வேலை செய்ற டச்சுப் பொம்பிளையிட்ட கேட்டன், உங்கட ஆக்கள எந்தப் பக்கமா வெளிய எடுக்கிறது என்டு. அவ மொப்ப நிப்பாட்டிட்டு யோசிச்சா. கால் தான் முன்னுக்கு, என்டா. ஏன் என்டன். தெரியாதாம். அவட அம்மாவையும் அப்பிடித் தான் எடுத்தவங்களாம். தமிழ்க் கடை அக்காட்டயும் கேட்டன். காலங்காத்தால கேக்கிற கேள்வியா இது என்டு ஏசிட்டு, பிறகு அவவே சொன்னா, போறவை வீட்டத் திரும்பிப் பாக்கக் கூடாது, பாத்தா போக மனம் வராது, அதுக்குத் தான் என்டு.

அதக் கேட்டுட்டு நான் கடைக்கு வெளிய வந்து கன நேரம் நின்டன். மல்லாந்து கிடந்து கால் முன்னுக்குப் போனா என்ன தெரியும் என்டு எனக்குத் தெரியுமே. நான் தானே ஒவ்வொரு நாளும் போனனான். போற பக்கம் தான் தெரியும். பாதை வாறது, பாலம் வாறது, மரம் வாறது எல்லாம் தெரியும். விட்டுட்டு வந்த பக்கம் தெரியவே தெரியாது. தலை முன்னுக்குப் போனா எதிர்ப்பக்கம், வீடு சின்னதாகிச் சின்னதாகிப் போறதப் பாத்துக்கொண்டே போக வேண்டி வரும். இத முதல்ல யோசிச்ச ஆள் யாரோ, படுத்துப் பாத்து தான் யோசிச்சிருக்கணும் என்டு எனக்கு ஒரு நினைப்பு வந்துது. இதையும் அம்மாட்ட சொல்லணும் என்டு இருந்துது. அம்மா தான் போன எடுக்கல்லையே.

அதால கீழ் வீட்டு நஸீமா ஆன்ட்டிட நம்பருக்கு எடுத்தன்.

6

எங்கட வீடு கொட்டாஞ்சேனை பிளட்ஸ்ல மூண்டாம் மாடி. நஸீமா ஆன்ட்டி ரெண்டாம் மாடி. அம்மாவும் அவவும் ஒரே காலத்துல குடி வந்தவங்க. ஒரு நாள் சண்டை, மற்ற நாள் கறி மாத்துவாங்க. அவட மனுசன் மௌத்தாகி மூண்டு நாலு வருஷம். ஆன்ட்டி போன எடுத்த உடனயே, நீ எனத்தயோ படுத்துக்கொண்டு ஓடுறியாமே, இங்க உங்கம்மா சோறு தின்ற இல்ல, வா நீயே கேளு என்டு சொல்லிக்கொண்டு செருப்பு சத்தத்தோட படியேறிப் போறது எனக்குக் கேட்டுது. அம்மாட கையில போனக் குடுத்து ஸ்பீக்கரப் போட்டுட்டா.

நான் அம்மாவ ஒண்டே ஒண்டு தான் கேட்டன். சைக்கிளுக்காக இவ்வளவு கோவமா அம்மா, இல்ல வேற ஏதும் இருக்குதா என்டு.

அம்மா மெல்லமாச் சொன்னா. "அவன் தலகீழாப் போனான் மகள். உனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாது தான். செத்த வீட்டு அண்டைக்கு எங்கட மாமிட மகன் தான் போனப் புடிச்சுக்கொண்டு நின்டவன். பெட்டி கால் முன்னுக்கு வாசலால வந்தத நான் பாத்தன். அந்த இடத்துல லைன் கட் ஆகிட்டு. திரும்ப வந்த நேரம் பெட்டி வானுக்குள்ள இருந்துது.

நடுவுல நடந்தத அம்மா அண்டைக்குத் தான் சொன்னா. எங்கட வாசலுக்கு வெளிய ஒடுங்கின விறாந்தை. ஒரு பக்கம் சுவர்ல முடியுது. மற்றப் பக்கம் வாசலோட ஒட்டினாப்போல படி. பெட்டி வெளிய வந்த பிறகு கால் பக்கத்தப் படிக்குத் திருப்ப இடம் இல்ல. தூக்கின பொடியன்கள் திருப்பிப் பாத்தாங்களாம், சாய்ச்சாங்களாம். வான்காரப் பொடியன், ஹரவன்ன பே அய்யே, திருப்ப ஏலாது என்டு சிங்களத்துல கத்தினானாம். பிறகு ஒழுங்கைக்குள்ள த்ரீவீல் ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி, கால் பக்கத்தச் சுவர் பக்கம் தள்ளி, தலைப் பக்கத்தப் படியால இறக்கிட்டாங்க. மழை. அழுகைச் சத்தம். அம்மா வேணாம் வேணாம் என்டு கத்தினது ஒருத்தருக்கும் கேக்கல்ல.

"வீட்டப் பாத்துக்கொண்டே போயிட்டான்," என்டா அம்மா. "அப்பிடிப் போனவன் தனிய இருக்க மாட்டான். ஒராளக் கூப்பிடுவான். நான் போவம் என்டு தான் ஒரு வருஷமாப் பாத்துக்கொண்டு இருக்கிறன். நீ கால நீட்டிக்கொண்டு வாறாய்."

அம்மா இதத் தனிய வச்சுக்கொண்டு ஒரு வருஷம் இருந்திருக்கிறா. சாமியாரிட்ட கூடச் சொல்லல்ல.

அப்ப நஸீமா ஆன்ட்டிட குரல் கேட்டுது. "மேரியக்கா, என்ட மனுசன எடுத்த நேரம் நீங்க படியில நின்டீங்க தானே?"

அம்மா ஓம் என்டா.

"எங்கட ஆக்கள் ஜனாஸாவ எப்பிடிக் கொண்டு போற? தலை முன்னுக்கு. அவரையும் வீட்டால தலை முன்னுக்குத் தான் எடுத்த. எங்கட மாடியிலயும் அதே விறாந்தை, அதே மூலை. திருப்ப ஏலல்ல. தலைய அங்கால தள்ளிப்போட்டு, கால் முன்னுக்கு இறக்கின. உங்கட ஆக்கள் மாதிரி."

அம்மா கதிரைய இழுத்துப் போட்டு இருந்த சத்தம் போன்ல கேட்டுது.

"செல்லுங்க பாப்பம்," என்டா ஆன்ட்டி. "என்ட மனுசன் உங்கட மாதிரிப் போனாரு. உங்கட மகன் எங்கட மாதிரிப் போனான். மாறிப் போயிட்டாங்க. அங்க போய் ஆளுக்காள் மாத்திக்கொள்ளுவாங்க. உங்களுக்கு எனத்துக்கு இந்த அழுகை?"

அம்மாட்ட இருந்து ஒரு சத்தம் வந்துது. அழுறா என்டு தான் நினைச்சன். சிரிச்சிருக்கிறா. ஒரு வருஷத்துக்குப் பிறகு நான் அந்தச் சத்தத்தக் கேட்டதால எனக்கு அடையாளம் தெரியல்ல. பிறகு உண்மையாவே அழுதா, ரெண்டும் கலந்து.

நீங்க பயப்படல்லையா என்டு அம்மா கேட்டா. ஆன்ட்டிட குரல் கொஞ்சம் இறங்கிட்டு. பயந்தாவாம். கன நாள் தூங்கல்லையாம். பள்ளிவாசல் ஹஸ்ரத்துட்டப் போய்க் கேட்டாவாம். படி கட்டினவன்ட பிழைக்கு மௌத்தானவர் எனத்தச் செய்ற, நீங்க துஆ செய்ங்க, அது போதும் என்டு அவர் சொல்லி அனுப்பினாராம். "மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரே படி தானே மேரியக்கா," என்டு சொல்லிட்டு, அடுப்புல கறி இருக்குது என்டு இறங்கிப் போயிட்டா.

அம்மா மூக்கத் துடைச்சிட்டு என்னோட கதைக்க வந்தா. அந்தச் சைக்கிள்ல போற நேரம் உனக்கு என்ன தெரியும் என்டு கேட்டா. பாதை, மரம், வானம் என்டன். திரும்பிப் பாக்க ஏலுமா என்டா. ஏலாது, கதிரை விடாது, சின்னக் கண்ணாடி ஒண்டு இருக்குது, வாகனம் வருதா என்டு மட்டும் பாக்கலாம் என்டன்.

"சரி. வெள்ள மேஸ் போடாத," என்டா அம்மா. "பூசைக்கு போனக் கையில வச்சிரு. நான் எடுப்பன்."

7

வருஷப் பூசை அங்க பின்னேரம். இங்க மத்தியானம், நான் இல்லத்துல இருந்து பள்ளிக்கூடத்துக்குப் போற நேரம். லீவு கேட்டன், தரல்ல. குறை சொல்ல மாட்டன், என்ட கையால அவங்களுக்கும் போதும் போதும் என்டு ஆகியிருக்கும்.

கால்வாய் ஓரத்துல ஆக்கள் குந்துற வாங்கு ஒண்டுக்குப் பக்கத்துல சைக்கிள நிப்பாட்டினன். ஒரு கால நிலத்துல ஊண்டிக்கொண்டு, கதிரையில சாஞ்சபடி இயர்போன மாட்டினன். அம்மா சொன்ன மாதிரியே எடுத்தா. போன மடியில வச்சுக்கொண்டா போல. பேன் சுத்துற சத்தம், யாரோ ஒரு பிள்ளை இருமுற சத்தம், வெளிய பஸ் ஹோர்ன், பிறகு பாட்டு. என்ட கோயில்ட சத்தம். நான் கண்ண மூடல்ல. மேல மேகம் மெல்லமாப் போய்க்கொண்டு இருந்துது. சாமியார் செத்தவங்கட பேர் வாசிச்சார். கன பேர். ஜூட்ட பேர் வந்த நேரம் அம்மா மூச்ச உள்ளுக்கு இழுக்கிறது கேட்டுது. நானும் இழுத்தன்.

முழங்கால்ல நிக்கிற இடம் வந்துது. வாங்குகள் கிறீச்சிடுற சத்தம் கேட்டுது, எல்லாரும் முழங்காலிடுறாங்க. நான் எழும்பப் பாத்தன். அந்தக் கதிரையால அவசரத்துக்கு எழும்ப ஏலாது, சைக்கிளும் சரியும், போனும் விழும். அப்பிடியே கிடந்தன்.

பூசை முடிஞ்சு வெளிய வந்து தான் அம்மா கதைச்சா. முழுக்கக் கேட்டுதா என்டு கேட்டா. கேட்டுது என்டன். எங்க இருந்து கேட்டாய் என்டா.

அவனுக்கு வச்ச பூசை அண்டைக்குப் பொய் சொல்ல ஏலாது. ரோட்டோரத்துல, அந்தச் சைக்கிள்ல, படுத்துக்கொண்டு கேட்டன் அம்மா, முழங்கால்ல நிக்க ஏலாமப் போச்சு என்டன்.

அம்மா ஏசப் போறா என்டு இருந்தன்.

"பரவாயில்ல மகள்," என்டா. "அவனும் படுத்துக்கொண்டு தானே கேட்டிருப்பான்."

இவ்வளவு தான். இத வாசிச்ச எல்லாரிட்டயும் ஒண்டு கேக்கிறன். என்ட தம்பி ஜூட்டுக்காக ஒருக்கா மன்றாடுங்க. கோயிலுக்குப் போறவங்க கோயில்ல, பள்ளிவாசலுக்குப் போறவங்க பள்ளியில, ஒண்டுக்கும் போகாதவங்க பஸ்ல இருக்கிற நேரம் ஒரு நிமிசம். நஸீமா ஆன்ட்டிட மனுசனையும் சேத்துக்கொள்ளுங்க. முழங்கால் போடத் தான் வேணும் என்டு இல்ல. ஏலாதவங்க இருந்த இருப்பிலயோ படுத்த படுக்கையிலயோ சொல்லுங்க.